பார்க்கிங்குக்கு அந்தப் பக்கம்

நல்லாக் கேட்டே கண்ணு. இங்க புதுசாக் குடிவர்ற எல்லாரும் ஒரு வாரத்துக்குள்ள இதைக் கேட்டுருவாங்க. ஒரே அபார்ட்மென்ட், ஒரே பேரு, ஒரே ஆபீஸ்லதான் வாடகை கட்டறோம். நடுவுல ஒரு பார்க்கிங். அந்தப் பக்கம் இருக்கிற முன் பிளாக் பிள்ளைங்க எல்லாம், நடந்தே போற தூரத்துல இருக்குது பாரு நல்ல ஸ்கூலு, அதுக்குப் போகுது. இந்தப் பக்கம் இருக்கிற நம்ம பிள்ளைங்க மஞ்சள் பஸ்ஸேறி ஹைவேக்கு அக்கட்டால எங்கயோ போகுது. ஏன்னு கேட்டா ஒருத்திதான் காரணம். பூர்ணிமான்னு பேரு.

நீ அவளை இன்னும் பார்க்கலை. சீக்கிரமே பார்ப்பே. நம்மாளு யாரு வந்தாலும் மோப்பம் பிடிச்சு வந்துருவா. வந்து சிரிச்சான்னா உனக்கும் நெம்பப் பிடிச்சுப்போயிரும். அதுக்கு முன்னாடி என்ற பக்கத்தையும் நீ கேட்டுக்கணும். அந்தத் துணியைத் தள்ளிட்டு உட்காரு. பாப்பா தூங்கத்தானே செய்யுது?

நாங்க மொதல்ல முன் பிளாக்குலதான் இருந்தோம். அது தெரியுமா உனக்கு? ரோட்டைப் பார்த்த பால்கனி வீடு. பூர்ணிமா எங்களுக்கு நேர் கீழ் வீடு. கரூர்க்காரி. எனக்கு ஊரு கோபி. கேட்கணுமா? ரெண்டே நாள்ல ஒட்டிக்கிட்டோம். என்ற வீட்டுக்காரர் லோகநாதன் அப்ப பெரிய கம்பெனில கான்ட்ராக்ட்ல இருந்தாரு. அவ வீட்டுக்காரர் ஏதோ சின்னக் கம்பெனி, பேரே வாயில நுழையாது. அவங்க காரு காலைல ஸ்டார்ட் ஆகாது. எங்காளுதான் போய் ஒயரு மாட்டி ஸ்டார்ட் பண்ணி விடுவாரு. அவ கதவுகிட்ட நின்னு, "நெம்ப தேங்க்ஸுங்கண்ணா"ம்பா. அப்பவெல்லாம் எவ்வளவு நல்ல பொண்ணு தெரியுமா அவ!

அவளுக்குப் பாப்பா பொறந்தப்ப அவங்கம்மாவுக்கு விசா கிடைக்கலை. நான்தான் எல்லாம். பூண்டுக் குழம்பு வெச்சு, மிளகு ரசம் வெச்சு, சோறை நல்லாக் குழைய வடிச்சுக் கீழ கொண்டுட்டுப் போவேன். குழந்தையைக் கால்ல போட்டுத் தண்ணி ஊத்தினது நானு. அவளுக்கு அதைக் கையில தூக்கவே பயம். "சுகந்தியக்கா, நீங்க இல்லேன்னா நான் செத்தே போயிருப்பேன்"னு என்ற தோள்ல சாய்ஞ்சு அழுவா. அழட்டும்னு விட்டுருவேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அது வேண்டியிருந்துச்சு. இந்த நாட்டுல என்னை நம்பி அழறதுக்கு வேற யாரு இருந்தாங்க?

அப்புறம் அந்த வாயில நுழையாத கம்பெனியை ஒரு பெரிய கம்பெனிக்காரன் விலைக்கு வாங்கிட்டான். அவ வீட்டுக்காரர்கிட்ட இருந்த ஷேரெல்லாம் பணமாப் போச்சு. என்ன பண்ணினாரு அந்த மனுஷன்? ஒண்ணுமே பண்ணலை கண்ணு. ஒரு நாற்காலியில உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டிருந்தாரு. என்ற வீட்டுக்காரரும் ஒரு நாற்காலியில உட்கார்ந்து அதே கம்ப்யூட்டரைத்தான் தட்டிக்கிட்டிருந்தாரு. அவரு உட்கார்ந்த நாற்காலி வேற, இவரு உட்கார்ந்த நாற்காலி வேற. அவ்வளவுதான் வித்தியாசம்.

இவர்கிட்டக் கேட்டேன். "அந்தக் கம்பெனில உங்களையும்தானே ஒரு தடவை கூப்பிட்டாங்க?"

"கூப்பிட்டாங்க. சம்பளம் கம்மின்னு நீதான் வேண்டாம்னே."

"நான் சொன்னா? நீங்க ஆம்பளைதானே? உங்களுக்குன்னு ஒரு ரோசனை கிடையாதா?"

இவரு எழுந்து போய் டிவியைப் போட்டாரு. இவரு எதுக்குத்தான் பேசியிருக்காரு?

எதிர்த்தாப்பல, ரோட்டைத் தாண்டி ஒரு பெரிய காம்பவுண்டு தெரியுது பாரு, கேட்டுகிட்ட கல்லுல ஏரின்னு பேரு செதுக்கி வெச்சிருக்காங்களே, அங்க பூர்ணிமா வீடு வாங்கிட்டா. ஏரியாம் ஏரி. உள்ள போய்ப் பார்த்தா எங்கூர்ல எருமை படுத்துக்கிற குட்டை அளவுக்குத் தண்ணி. நடுவுல ஒரு ஃபவுன்டன். அதைச் சுத்திக் காலைல எல்லாரும் மூச்சு வாங்க நடக்கறாங்க. நான் அவ வீட்டுக்கு மொதல்ல போனப்ப என்னைப் பாத்ரூமெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டினா. மளிகை சாமான் வைக்கிறதுக்குன்னு ஒரு ரூம் கண்ணு. கதவைத் திறந்தா லைட்டு தானா எரியுது. எங்க படுக்கை ரூமைவிடப் பெருசு. உள்ள என்ன இருக்குதுன்னு பார்த்தா துவரம்பருப்பு. அதே துவரம்பருப்பு, நான் வாங்கற அதே பாக்கெட்டு. எனக்கு ஏனோ அதைப் பார்த்ததும் வயிறெல்லாம் எரிஞ்சுபோச்சு. பட்டு வாங்கட்டும், வைரம் வாங்கட்டும். என்ற வீட்டுல தரையில மூட்டையாக் கிடக்கிற பருப்பு அவ வீட்டுல லைட்டு போட்டு நிக்குது.

புதுவீடு புகுந்த அன்னிக்கு என்னைச் சீக்கிரமே வரச் சொன்னா. போனேன். அவ சொல்லலை, நானாத்தான் சமையல்கட்டுல நுழைஞ்சேன். கந்தரப்பம் சுட்டேன். எல்லாரும் வந்து, "யாரு பண்ணினது, யாரு பண்ணினது"ன்னு கேக்கறாங்க. இவ என் கையைப் பிடிச்சு ஹாலுக்கு இழுத்துட்டுப் போறா. அங்க அவளோட புதுப் பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் நிக்கறாங்க, வெள்ளைக்காரங்க, தெலுங்குக்காரங்க, சீனாக்காரங்க. "இவங்கதான் சுகந்தி. என்னோட பழைய அபார்ட்மென்ட் ஃபிரெண்ட்"ன்னா.

பழைய அபார்ட்மென்ட் ஃபிரெண்ட்.

நானும் எத்தனையோ தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். பழசுன்னா எது? அபார்ட்மென்டா, ஃபிரெண்டா? நீயே சொல்லு. இவர்கிட்டக் கேட்டா, "அபார்ட்மென்ட்தான் சுகந்தி, படு"ங்கறாரு. இவருக்கு என்ன தெரியும்? ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளையைப் பத்திச் சொல்ற வார்த்தை இவருக்கெங்க புரியப்போகுது?

அதுக்கப்புறமும் அவ கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தா. நீச்சல்குளத்துக்குப் பையனைக் கூட்டிட்டு வாங்கக்கா, சினிமா பார்க்கலாம் வாங்கக்கா. நான்தான் சோலி இருக்குதுன்னுருவேன். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி வீட்டுல போய் நல்லாயிருக்குது நல்லாயிருக்குதுன்னு சொல்லிட்டு வர்றது? வாய் வலிக்குது.

இந்தப் பின் பிளாக்குல அப்பவே யோலாண்டா இருந்தா. உனக்குப் பக்கத்து வீடுதான், நெத்தியில மச்சம் இருக்கும் பாரு, அவதான். ஹோண்டுராஸ்காரி. வீடு வீடாப் போய்க் கிளீன் பண்ற வேலை. பூர்ணிமா வீட்டுக்கும் வியாழக்கிழமையானா போவா. அவ பொண்ணு மரிசெல்லும் என்ற பையன் கவினும் ஒரே கிளாஸ். எப்பப் பார்த்தாலும் ஒண்ணாத்தான் கிடக்கும் ரெண்டும். எனக்கு அது அவ்வளவாப் பிடிக்காது. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், கணக்குல இவனைவிடக் கெட்டி, இவனுக்கே அதுதான் சொல்லிக் கொடுக்கும். ஆனாலும் நாம எதுக்கு இந்த ஊருக்கு வந்தோம்? முன் பிளாக்குல எத்தனை நம்ம பிள்ளைங்க இருக்குது, அதுங்களோட விளையாடினா ஆகாதா?

இப்படி இருக்கிறப்பதான் ஸ்கூல்ல இடம் பத்தலைன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. அபார்ட்மென்ட் பிள்ளைங்களை எல்லாம் ஹைவேக்கு அந்தப் பக்க ஸ்கூலுக்கு மாத்திரலாம்னு. யாரு கிளப்பினதுங்கறே? அந்த ஏரி வீட்டுக்காரங்க சங்கம்தான். அவங்க சொன்ன நியாயம், நாங்க வீட்டு வரி கட்டறோம், அவங்க வாடகைக்காரங்க, இன்னிக்கு இருப்பாங்க நாளைக்குப் போயிருவாங்க. ஏன் கண்ணு, நாம கட்டற வாடகையிலதானே அபார்ட்மென்ட்காரன் வரி கட்டறான்? அவன் என்ன அவங்கப்பன் வீட்டுல இருந்தா கொண்டாந்து கட்டறான்? எனக்கு அப்ப வந்த கோபம் இருக்கே! நாலு வருஷமா அந்த ஸ்கூல்ல சனிக்கிழமை சனிக்கிழமை போய் லைப்ரரியில புஸ்தகம் அடுக்கிக் கொடுத்தவ நானு. என்னைப் போய் நாளைக்குப் போறவங்கிறான்.

யோலாண்டாதான் எல்லாரையும் துணி துவைக்கிற ரூம்ல கூட்டம் போட வெச்சா. நான் போக வேண்டாம்னுதான் இருந்தேன். இவருதான் போயிட்டு வாயேன்னாரு. போனா, முன் பிளாக்குல இருந்து வந்தது என்னோட சேர்த்து ரெண்டு மூணு பேருதான். மிச்சமெல்லாம் பின் பிளாக். சமையல் வேலைக்காரன், லாரி ஓட்டறவன், ஆஸ்பத்திரியில படுக்கை மாத்தறவ. நான் அங்க ஒரு மிஷின் மேல சாய்ஞ்சு நின்னுக்கிட்டு நினைக்கறேன், இதென்னடா கெரகம், என்னை எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு பாரு! என்ற வீட்டுக்காரர் மாஸ்டர்ஸ் படிச்சவரு. நானும் எம்.காம்.

"ஸ்கூல் போர்டு கூட்டத்துல நீ பேசணும் சுகந்தி"ன்னா யோலாண்டா. அவ என் பேரைச் சொல்றது சுகாந்தின்னு வரும். "எங்க இங்கிலீஷைக் கேட்டா அவங்க சிரிப்பாங்க. நீ நல்லாப் பேசுவே. ஸ்கூல்ல உன்னை எல்லாருக்கும் தெரியும். எங்களுக்காகவும் பேசு."

எல்லாரும் கை தட்டினாங்க. நான் சரின்னுட்டேன். கை தட்டினா வேண்டாம்னு எப்படிச் சொல்றது?

பூர்ணிமாவை ஸ்கூல் வாசல்ல பிடிச்சுக் கேட்டேன். "பூர்ணி, உங்க சங்கத்துக்காரங்ககிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீயும் இங்க இருந்து போனவதானே?"

அவ முகம் வாடிப்போச்சு. "நான் சொல்லிப் பார்த்துட்டேன்கா. அவங்க கேக்கலை. பார்க்கறேன், என்னால ஆனதைப் பண்றேன்"னா.

பார்க்கறாளாம். அந்தப் பார்க்கறேனுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நாம கடன் கேட்டா சொந்தக்கார ஒறம்பரைங்க சொல்ற பார்க்கறேன் அது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இவ நம்மளைக் கைவிட்டுருவா. அப்ப நம்மளை நாமதான் பார்த்துக்கணும். இதுல என்ன தப்பு இருக்குது?

ஸ்கூல் போர்டு கூட்டத்து அன்னிக்கு இவருக்கு ஆபீஸ்ல ஏதோ அவசரம். யோலாண்டா தன் வேன்ல என்னைக் கூட்டிட்டுப் போனா. வேன் பூராவும் கிளீன் பண்ற மருந்து வாசம். எனக்காக முன் சீட்டைத் துடைச்சு வெச்சிருந்தா. மரிசெல் ஒரு அட்டையில என்னமோ எழுதிப் பூவெல்லாம் வரைஞ்சு எடுத்துட்டு வந்திருந்துச்சு.

ஹால்ல ஒரு பக்கம் ஏரிக்காரங்க. ஒரே கலர்ல பனியன் போட்டுட்டு வந்திருந்தாங்க. இன்னொரு பக்கம் நாங்க. வேலையில இருந்து அப்படியே யூனிஃபார்மோட வந்தவங்கதான் பாதிப்பேரு. ஒருத்தர் ஒருத்தராக் கூப்பிடறாங்க. மூணு நிமிஷம்தான் பேசலாம். சங்கத்துத் தலைவி லிண்டான்னு ஒருத்தி, வெள்ளை முடி, அழகா இருப்பா, அவ பேசினா. எங்களை ஒரு குத்தமும் சொல்லலை. எங்க பிள்ளைங்க மேல அவளுக்கு எவ்வளவு அன்பாம், அந்தச் சின்ன ஸ்கூலுக்குப் போனா அதுங்களுக்கு இன்னும் நல்லாக் கவனிப்பு கிடைக்குமாம். எவ்வளவு நைசு பாரு.

அப்புறம் பூர்ணிமா பேரைக் கூப்பிட்டாங்க.

அவ அந்தக் கலர் பனியன் போடலை. சாதாரண குர்தா. மைக்குகிட்டப் போனா. "நான் ஏரி வீட்டுல இருக்கறேன். ஆனா என் பொண்ணு பொறந்தது அந்த அபார்ட்மென்ட்ல. அப்ப எங்கம்மா வர முடியலை. மேல் வீட்டு அக்காதான் எனக்குச் சோறு ஊட்டினாங்க. எங்களை வாடகைக்காரங்கன்னு யாரும் அன்னிக்குச் சொல்லலை. இன்னிக்கு நான் வீடு வாங்கினதால என் பொண்ணு உயர்ந்துட்டாளா? அந்தப் பிள்ளைங்களை மாத்தறதா இருந்தா என் பொண்ணையும் சேர்த்து மாத்துங்க"ன்னா.

ஹாலே எழுந்து நின்னு தட்டுச்சு. எங்க பக்கம் மொத்தமும். அவங்க பக்கத்துலயும் நாலஞ்சு பேரு. யோலாண்டா அழறா. மரிசெல் அட்டையைத் தூக்கி ஆட்டுது.

எனக்குப் பொக்குனு போச்சு கண்ணு.

சந்தோசம்தான் படணும். எனக்கும் தெரியுது. ஆனா யோசிச்சுப் பாரு. சோறு ஊட்டினது நானு. கை தட்டு அவளுக்கு. பேரைக்கூடச் சொல்லலை, மேல் வீட்டு அக்காவாம். பணமும் அவளுக்கு, வீடும் அவளுக்கு, சரி போகட்டும்னு விட்டேன். எங்க கஷ்டத்தைப் பேசறதுமா அவளுக்கு? அதையாவது எனக்குன்னு விட்டு வைக்கக்கூடாதா? நான் ஒரு வாரமாக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகினதெல்லாம் அவ சொல்லிட்டா. என்னைவிட நல்லாச் சொல்லிட்டா. இனி நான் போய் என்னத்தைச் சொல்றது?

அடுத்து என் பேரு.

போனேன். மைக்கைப் பிடிச்சேன். எதிர்ல பார்த்தா அந்த லிண்டா என்னையே பார்க்கறா, தலையை லேசா ஆட்டிக்கிட்டு, பாசமா. என் மனசுல பட்டதைப் பேசினேன். "எங்க அபார்ட்மென்ட்ல ரெண்டு பிளாக் இருக்குது. அதை நீங்க ஒண்ணாப் பார்க்கறீங்க. முன் பிளாக்குல இருக்கிறவங்க எல்லாம் படிச்சவங்க, நல்ல வேலையில இருக்கிறவங்க. நாளைக்கே வீடு வாங்கி உங்களுக்குப் பக்கத்துல வரப்போறவங்க. பின் பிளாக்குலதான் ஆளு அடிக்கடி மாறுது. இடம் பத்தலைன்னா அதை மட்டும் மாத்தலாமே"ன்னேன்.

பொய் ஏதாவது சொன்னேனா? நீயே சொல்லு. ஒரு வார்த்தை பொய் இல்லை.

யாரும் கை தட்டலை. ஆனா கூட்டம் முடிஞ்சதும் லிண்டா நேரா என்கிட்ட வந்தா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "இன்னிக்கு இங்க நியாயமாப் பேசின ஒரே ஆளு நீதான்"னா. அவ கை எவ்வளவு மெத்துன்னு இருந்துச்சு தெரியுமா? பூர்ணிமா பார்க்கறாளான்னு திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கிட்டுத்தான் நின்னா.

லிண்டா போனப்புறம் கிட்ட வந்தா. "ஏன்கா?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா.

"ஏன், நீ பேசலாம், நான் பேசக்கூடாதா?"

"மரிசெல் உங்க வீட்டுலயே வளர்ந்த பொண்ணுக்கா."

"கவின் என்ற வயித்துல பொறந்தவன் பூர்ணி. உனக்கென்ன, உன்ற பொண்ணை யாரும் மாத்த மாட்டாங்க. அது தெரிஞ்சுதானே என் பொண்ணையும் மாத்துங்கன்னே? பெரிய மனசாப் பேசறதுக்கும் ஒரு பெரிய வீடு வேணும்."

அவ கண்ணு நிறைஞ்சுபோச்சு. ஏதாவது சொல்லுவான்னு நின்னேன். திட்டுவான்னு நினைச்சேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திட்டிட்டு, அங்கயே அழுது முடிச்சிருப்போம். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. பணம் வந்தா வர்ற கௌரவம் அது.

திரும்பி வர்றப்ப அதே வேன்தான். யோலாண்டா ரோட்டையே பார்த்து ஓட்டினா. முன் பிளாக் வாசல்ல கொண்டாந்து நிறுத்தினா. நான் இறங்கினேன். தேங்க்ஸ்னேன். தலையை ஆட்டினா. எவ்வளவு திமிரு பாரு! என்னைப் பேசச் சொன்னது யாரு? அவதானே?

நான் சொன்னபடியேதான் முடிவாச்சு. பார்க்கிங் நடுவுல கோடு. முன் பிளாக் இங்க, பின் பிளாக் அங்க. இந்த ஊரு பெரிய மனுஷங்க என்ற பேச்சைக் கேட்டுக் கோடு போட்டாங்கன்னு இவர்கிட்டச் சொன்னேன். இவரு தட்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டாரு. முன் பிளாக்குல நம்ம பொம்பளைங்க எல்லாம் எனக்கு மாலை போட வேண்டாம், ஒரு வார்த்தை நல்லாப் பண்ணினேன்னு சொல்லியிருக்கலாம்ல? அவங்க பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தானே பேசினேன்? அவங்க என்னைக் கண்டா லிஃப்ட்டை விட்டுட்டுப் படியில ஏறுவாங்க. பூர்ணிமா பேச்சை மட்டும் யாரோ ஃபோன்ல பிடிச்சு ஊரெல்லாம் அனுப்பி, தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுல மேடையில ஏத்திப் பொன்னாடை போத்தினாங்க. நான் ரெண்டாவது வரிசையில உட்கார்ந்து பார்த்தேன். அவ பேச்சால ஒரு பிள்ளைக்காவது நல்லது நடந்துச்சா? என் பேச்சால பாதிப் பிள்ளைங்க தப்பிச்சுது. யாருக்குப் பொன்னாடை போடணும்?

லிண்டாவை அதுக்கப்புறம் ஒரு நாள் கடையில பார்த்தேன். ஆப்பிள் எடுத்துக்கிட்டிருந்தா. ஓடிப்போய் ஹலோ சொன்னேன். அவ சிரிச்சா, அவங்க எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. அப்புறம், "மன்னிக்கணும், இந்த வெங்காயம் எங்க இருக்குன்னு தெரியுமா?"ன்னா. கடையில வேலை செய்யறவன்னு நினைச்சுட்டா போல. அன்னிக்கு நான் போட்டிருந்த டீ-ஷர்ட் அந்தக் கடை யூனிஃபார்ம் கலரு. வேற ஒண்ணுமில்லை. அவளுக்கும் வயசாச்சு.

கவின் அந்த வருஷம் பேச்சையே குறைச்சுட்டான். மரிசெல் பஸ்ஸுக்கு நிக்கறப்ப இவன் பால்கனியில நின்னு பார்த்துக்கிட்டே இருப்பான். கேட்டா ஒண்ணுமில்லைம்பான். கணக்குல மார்க் இறங்குச்சு. டீச்சர் சரியில்லை.

அப்புறம்தான் அந்த வேலை நடந்துச்சு. முன் பிளாக் நல்ல ஸ்கூல்ல இருக்குதுன்னு ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சுல்ல? ஒரு வீடு காலியானா அதுக்குப் பத்துப் பேரு நிக்கறான். அபார்ட்மென்ட்காரன் பார்த்தான். முன் பிளாக்குக்கு மட்டும் வாடகையைச் சரசரன்னு ஏத்திட்டான். சரியா அந்த நேரத்துல இவரு கான்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு. மறுபடி கிடைச்சது கம்மிச் சம்பளம். நான் ஆபீஸ்ல போய் எவ்வளவோ கேட்டேன். நாங்கதானே இங்க இத்தனை வருஷமா இருக்கறோம், எங்களுக்குக் குறைக்க மாட்டீங்களான்னு. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே, "பின் பிளாக்குல ஒரு வீடு இருக்குது, பார்க்கறீங்களா?"ங்குது.

இதுதான் அந்த வீடு.

சாமான் தூக்கறதுக்கு இவரு ஆளு தேடிட்டிருந்தாரு. யாரும் சொல்லாமலே யோலாண்டா வீட்டுக்காரனும் அவன் தம்பியும் வந்து கதவுகிட்ட நிக்கறாங்க. கட்டிலு, பிரிட்ஜு, எல்லாத்தையும் பார்க்கிங்குக்குக் குறுக்கத் தூக்கிட்டு வந்தாங்க. பணம் கொடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க. எனக்குக் காட்டறதுக்குத்தான், வேறெதுக்கு? முன் பிளாக் பால்கனியில எல்லாம் ஆளு நின்னு பார்க்குது. நான் சாமி படத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, யாரையும் பார்க்காம நடந்து வந்தேன்.

அதனால இப்பக் கவினும் பஸ்ஸுதான். அவன் அழலை. மொத நாளே மரிசெல் அவனுக்கு சீட்டு பிடிச்சு வெச்சிருந்துச்சு. இப்பக் கணக்குல மார்க் எடுக்கறான். அந்த ஸ்கூலு ஒண்ணும் அவ்வளவு மோசமில்லை கண்ணு, நீ பயப்படாதே. நான் என்ன சொல்றேன்னா, அன்னிக்குப் பூர்ணிமா பேசாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு எல்லாருக்கும் சேர்த்துப் பேசிட்டு வந்திருப்பேன். அவ போய்ப் பேசித்தான் இவ்வளவும் ஆச்சு. அதை யாரும் யோசிக்க மாட்டேங்கறாங்க.

ஏரிக்காரங்க அவளை ஒதுக்கி வெச்சுட்டாங்கன்னு கேள்வி. அவ பொண்ணு பிறந்த நாளுக்கு அந்தத் தெருவுல இருந்து யாருமே வரலையாம். கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த நீச்சல்குளத்துல இருந்தது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன். யோலாண்டா குடும்பம். மரிசெல். இந்தப் பின் பிளாக்குல பாதிப் பிள்ளைங்க. கவினையும் கூப்பிட்டிருந்தா. நான் அனுப்பலை. எனக்கு ஃபோன் பண்ணாம பிள்ளைங்க மூலமாக் கூப்பிட்டா நான் அனுப்பிருவேனா?

போன மாசம் ஒரு சாயங்காலம். நான் சன்னல்கிட்ட நின்னு வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். பார்த்தா அவ காரு உள்ள வருது. முன் பிளாக்கைத் தாண்டுச்சு. பார்க்கிங்கைத் தாண்டி நேரா நம்ம பிளாக்குக்கு வருது. வந்துட்டா பாரு, எத்தனை நாளைக்கு வராம இருப்பா? கையைக் கழுவினேன். தலையைச் சீவினேன். பால் எடுத்து அடுப்புல வெச்சேன். அவளுக்குக் காபி கொஞ்சம் எச்சாவே சர்க்கரை போடணும். இந்த நைட்டியோட எப்படி நிக்கறதுன்னு ஓடிப்போய்ச் சேலை மாத்திட்டு வந்தேன். என்னத்தைச் சொல்லித் தொடங்குவா? அக்கான்னுதான் தொடங்குவா. நான் உடனே பேசக் கூடாது. கொஞ்சம் முறுக்கிக்கிட்டு இருக்கணும்.

கார்ல இருந்து இறங்கினா. கையில பாத்திரம். இளைச்சுப்போயிருந்தா. நேரா யோலாண்டா வீட்டுக்குப் போனா. வியாழக்கிழமை கூட இல்லை கண்ணு அன்னிக்கு. வேலை சொல்றதுக்கு வரலை. தன் வீட்டுல கக்கூஸ் கழுவறவ வீட்டுக்கு, பாத்திரத்துல சோறு எடுத்துட்டு ஒறம்பரையா வந்திருக்கா. கொஞ்ச நேரத்துல சிரிப்புச் சத்தம் கேக்குது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவை மூச்சு பிடிச்சு, அப்புறம் உடைஞ்சு வரும். எங்க சமையல்கட்டுல மேடை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு அப்படித்தான் சிரிப்பா. யோலாண்டாவுக்கு என்ன தமிழ் தெரியும்? இவளுக்கு என்ன ஸ்பானிஷ் தெரியும்? என்னத்தைச் சொல்லி அப்படிச் சிரிக்கறாங்க?

பொழுது இறங்கறப்ப வெளிய வந்தா. கார்கிட்டப் போனவ நின்னு மேல பார்த்தா. என்னைப் பார்த்துட்டா. கையை லேசாத் தூக்கினா. காட்டறதா, கூப்பிடறதான்னு தெரியலை. நான் திரையை இழுத்து விட்டுட்டேன்.

விட்டுட்டுக் கதவுகிட்ட வந்து நின்னேன். படியில காலடி கேக்குதான்னு பார்த்துக்கிட்டே நின்னேன். இவரு உள்ள இருந்து, "யாரு?"ங்கறாரு. "யாருமில்லை, பேசாம இருங்க"ன்னேன்.

வந்து தட்டியிருந்தா திறந்திருப்பேனான்னு நீ கேக்கலை. ஆனா கேக்கற மாதிரி பார்க்கறே. திறந்திருப்பேன் கண்ணு. திறக்காம என்ன? ஒரு ரெண்டு தடவை தட்ட விட்டுட்டுத் திறந்திருப்பேன்.

அவ தட்டலை.